பட்டனை அழுத்துமுன் பதிலை எழுது!



"டிப்ளமோ படிக்கிற நமக்கு சைக்காலஜி எதுக்குடா? அதெல்லாம் ஆர்ட்ஸ் காலேஜ் சமாச்சாரம்!" ஹாஸ்டலில் ஒரு நண்பன் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் கிடைத்த இடம் ஒர்க் ஷாப்.

முதல் வருடம் நடந்தது இது. லேத்தில் ஜாப்பை மாட்டி இறுக்கிய மாணவன் ஒருவன், சக் கீயை எடுக்காமலே மெஷினை ஆன் செய்துவிட்டான். கீ பறந்துபோய்ச் சுவரில் மோதியது. நல்ல வேளை, அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. "கண்ணு எங்கடா போச்சு?" என்று இன்ஸ்ட்ரக்டர் கத்தினார். "சார், சக்கைத்தான் சார் பார்த்துக்கிட்டு இருந்தேன்!" என்று அழாத குறையாகச் சொன்னான் அவன். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

சில மாதம் கழித்து கம்ப்யூட்டர் லேப்பில் ஒரு வீடியோ போட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தை மாற்றிக் கொள்கிறார்கள் என்று எண்ண வேண்டும். கண் கொட்டாமல் எண்ணினேன். எண்ணிக்கை சரி! "கொரில்லாவைப் பார்த்தியா?" என்றார்கள். என்ன கொரில்லா? திரும்பப் போட்டார்கள். கொரில்லா வேஷம் போட்ட ஒரு ஆள் நடுவில் வந்து நின்று, மார்பில் தட்டிக்கொண்டு போகிறார்! டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இருவர் 1999ல் வெளியிட்ட சோதனை இது. அதில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை.

அன்றைக்குத்தான் அந்த லேத் மாணவன் பொய் சொல்லியிருக்க மாட்டான் என்று எனக்குப் பட்டது. கண் சக்கின் மேல்தான் இருந்திருக்கும். மனசு ஜாப்பின் மேல் இருந்திருக்கும்.

என் கருத்து இதுதான். சைக்காலஜியின் அரிச்சுவடியை நாம் கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அல்ல; திரையில் நாமே செய்து பார்த்துப் படிக்க வேண்டும்.

ஏன்? "கவனம் ஓரிடத்தில் குவிந்தால் மற்றது தெரியாது" என்று படித்தால் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்வோம். "நானா இருந்தா பார்த்திருப்பேன்" என்று உள்ளுக்குள் நினைத்தும் கொள்வோம். திரையில் ஏமாந்த பிறகு அந்த நினைப்பு ஓடிவிடும். மற்ற லேப்பில் கருவி வெளியே இருக்கிறது. இந்த லேப்பில் நாமேதான் கருவி. நம்ம எர்ரரை நாமே அளக்கிறோம்.

இன்னொன்று பாருங்கள். 1889ல் முல்லர்-லயர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட படம். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கி மடங்கியிருக்கும். மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். புத்தகத்தில் இது வெறும் படம். கம்ப்யூட்டரிலோ மவுஸால் ஒரு கோட்டை இழுத்து, "இப்போ சமம்" என்று நீங்களே நிறுத்தலாம். எவ்வளவு தவறு என்று எண்ணிலேயே காட்டும். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? உண்மை தெரிந்த பிறகும் கண் ஏமாறும்! தெரிந்துகொண்டால் மட்டும் தப்பு போய்விடாது. மெஷின் முன்னால் நிற்கப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் உண்டா?

"அதெல்லாம் விளையாட்டு, சயின்ஸ் இல்லை" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1879ல் லைப்சிக் நகரில் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தைத்தான் சோதனை உளவியலின் பிறப்பிடம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் மனிதன் எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறான் என்று அளக்க உதவியது ஹிப் க்ரோனோஸ்கோப். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் கருவி. அதைச் செய்தவர் ஹிப் என்ற கடிகாரக்காரர், நம்ம ஜாதி! இன்று அந்தக் கருவியின் வேலையை ஒரு சாதாரண கம்ப்யூட்டர் செய்கிறது. சைடூல்கிட் போன்ற இலவசத் தளங்களில் இத்தகைய சோதனைகள் தயாராகவே இருக்கின்றன.

ஆனால் நண்பர்களே, இங்கேதான் ஜாக்கிரதை தேவை. பட்டனை அழுத்தினோம், படம் ஓடியது, சிரித்தோம், கலைந்தோம் என்றால் அது சினிமா. ஹார்வர்டில் எரிக் மசூர் குழுவினர் இயற்பியல் வகுப்புகளில் செய்த ஆய்வு 2004ல் வெளிவந்தது. செய்முறையைச் சும்மா பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகம் சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள்தான் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எனவே, பட்டனை அழுத்துமுன் பதிலை எழுது!

இன்னொரு விஷயம், ஒருத்தன் ரீடிங் விதி ஆகாது. 1935ல் ஸ்ட்ரூப் செய்த சோதனையில், 100 வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்லக் கல்லூரி மாணவர்கள் சராசரியாக 63 வினாடி எடுத்துக்கொண்டார்கள். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடிப்பது போல மாற்றிக் கொடுத்து, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னபோது 110 வினாடி ஆனது. இது பலரின் சராசரி. நீங்கள் ஒருமுறை செய்தால் கூடவோ குறையவோ வரலாம். வகுப்பு முழுவதும் செய்து, கூட்டி, சராசரி எடுத்தால்தான் உண்மை தெரியும். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் இதையும் கவனிக்க: 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தை மாற்றவே சுமார் 17 மில்லி செகண்ட் ஆகும். அதைவிடச் சின்ன வித்தியாசத்தை ஒரே ரீடிங்கில் பார்த்துவிட்டு "நான்தான் ஃபாஸ்ட்" என்று காலரைத் தூக்க வேண்டாம்!

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், கம்ப்யூட்டர் லேப் சும்மா கிடக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குவோம். ஒரு நோட்டு போதும். நோக்கம், செய்முறை, ரீடிங், முடிவு... இவற்றோடு முதல் காலமாக 'என் ஊகம்'. சீனியர் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பி அடிக்கிற வேலை இங்கே நடக்காது. சீனியரின் கண்ணை வைத்து நாம் பார்க்க முடியாதே!

கடைசியாக அந்த சக் கீக்கு வருகிறேன். ஸ்பிரிங் வைத்த சக் கீ ஒன்று இருக்கிறது. அழுத்திப் பிடித்தால்தான் சக்கில் நிற்கும். கையை எடுத்தால் தானே வெளியே வந்துவிடும். அதை யோசித்தவர், "கவனமா இரு" என்ற போர்டை மட்டும் நம்பவில்லை. மனிதன் மறப்பான், பார்த்துக்கொண்டே காணாமல் விடுவான் என்பதை ஒப்புக்கொண்டு டிசைன் செய்தார். சைக்காலஜி படித்தவரோ இல்லையோ, மனிதனைப் படித்தவர்!

நாளைக்கு நாமும் மெஷின் செய்வோம், பேனல் வயரிங் செய்வோம், நாலு பேரை வேலை வாங்குவோம். "கண்ணு எங்கடா போச்சு?" என்று கத்தும் சூப்பர்வைசராக இருக்கப் போகிறோமா, அந்த ஸ்பிரிங்கை வைக்கிறவராக இருக்கப் போகிறோமா?

முதலில் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். பிறகு பட்டனை அழுத்துங்கள்!