சிங்கம்புணரியில் ஓடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரைக்கும், பேர்கூட வாயில் நுழையாத சின்னச் சின்ன ஊர்கள் வழியாக, விடியுமுன் தொடங்கிப் பொழுது சாயும்வரை என்னால் ஓட முடிந்தது. ஏன் ஓடுகிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. பிறந்த ஊரான சிங்கம்புணரியில், கொட்டாம்பட்டி ரோட்டில், பத்து நிமிஷம் ஓடினால் மூன்று பேர் வண்டியை நிறுத்தி, “என்னாச்சு, யாருக்கு என்ன?” என்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண் ஓடுகிறாள் என்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும், அல்லது பஸ் கிளம்பியிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் எங்கள் பக்கத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நான் இருப்பது டெல்லி மோதி பாக். வீட்டுக்காரருக்கு மத்திய அரசு வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமானது. காலை நான்கரைக்கு ரிங் ரோட்டைத் தாண்டி சாந்தி பத்தில் ஏறிவிட்டால் இரு பக்கமும் தூதரகங்கள், அகலமான நடைபாதை, வாசலுக்கு வாசல் துப்பாக்கியோடு காவலர்கள். பெண்பிள்ளை தனியாக ஓட டெல்லியில் இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது. மேடு ஏறிப் பழக ஆர்.கே. புரம் மலை மந்திர் இருக்கிறது. சுவாமிநாத சுவாமியைப் பார்க்க வருகிற மாமிகள் பட்டுப்புடவையில் மெதுவாக ஏற, நான் டிராக் பேண்டில் ஏறி இறங்கி ஏறுவேன். ஒரு மாமி மட்டும் “வேண்டுதலா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அது சுலபம்.

ஆனால் டெல்லியில் ஓடுவதற்கு ஊரோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. 2005-இல் தொடங்கிய டெல்லி அரை மாரத்தானில் நானும் ஓடியிருக்கிறேன். நேரு ஸ்டேடியத்தில் தொடக்கம், அங்கேயே முடிவு. நடுவில் அடைத்த சாலை, விளம்பர வளைவுகள், ஒலிபெருக்கியில் பஞ்சாபிப் பாட்டு. தடுப்புக்கு அந்தப் பக்கம், சாலையை எப்போது திறப்பார்கள் என்று போலீஸிடம் சண்டை போடுகிற ஆட்டோக்காரர். 2017-இல் புகைமூட்டம் காரணமாக இந்த ஓட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி இந்திய மருத்துவச் சங்கம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்த வருஷம் ஓட்டம் நடந்தேவிட்டது. நகரம் இருமிக்கொண்டிருந்தது, ஓட்டம் தன்பாட்டுக்கு ஓடியது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் நான் ஓடிய காம்ரேட்ஸ் மாரத்தான் அப்படி இல்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய விக் கிளாப்பம் என்ற ரயில் டிரைவர், செத்துப்போன தோழர்களின் நினைவாக 1921 மே 24 அன்று தொடங்கிவைத்த ஓட்டம் அது. முதல் ஆண்டில் கிளம்பியவர்கள் 34 பேர், ஓடி முடித்தவர்கள் 16 பேர். இன்று பல்லாயிரம் பேர். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 12 மணி நேரம் கெடு. கெடு முடிகிற வினாடியில் ஒருவர் கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். ஓர் அடி பின்னால் வந்தவருக்கும் பதக்கம் கிடையாது. ஒரு வருஷம் டர்பனிலிருந்து மேலே, அடுத்த வருஷம் மேலேயிருந்து டர்பனுக்குக் கீழே என்று திசை மாறும். நான் போனது கீழே இறங்குகிற ஆண்டு. இறக்கம்தானே என்று நினைப்பவர்கள் மறுநாள் மாடிப்படி இறங்கிப் பார்க்கட்டும்.

ஓட்டத்தின் நுணுக்கத்தைப் பற்றி நான் எழுதவில்லை. எனக்கு அது தெரியவும் தெரியாது. சொல்ல வந்தது வழியில் இருந்த ஊர்களைப் பற்றி. காம்பர்டவுன், கேட்டோ ரிட்ஜ், இன்சாங்கா, டிரம்மண்ட், போத்தாஸ் ஹில், ஹில்கிரஸ்ட், பைன்டவுன். எதுவும் சுற்றுலாப் புத்தகத்துக்கான ஊர் இல்லை. கோழிப்பண்ணை நாற்றம், பெட்ரோல் பங்க், தகரக் கூரை வீடுகள், அடுத்த வளைவிலேயே மின்கம்பி வேலி போட்ட பங்களாக்கள். அன்றைக்கு அத்தனை வீட்டுச் சனமும் ரோட்டோரத்தில் இருந்தது. மடக்கு நாற்காலி, கம்பளி, கரி அடுப்பில் இறைச்சி. சட்டையில் குத்தியிருக்கும் எண் அட்டையில் நம் பெயர் இருக்கும். அதைப் படித்துப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். பிளாஸ்டிக் பாக்கெட்டில் தண்ணீர், பல்லால் கடித்துக் குடிக்க வேண்டும். உப்பில் புரட்டிய அவித்த உருளைக்கிழங்கு. இன்சாங்காவில் எத்தெம்பெனி என்று மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பள்ளி. சக்கர நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்து கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஓடுகிறவர்கள் ஒவ்வொரு கையாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே வேகம் குறையாதவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. டிரம்மண்டைத் தாண்டியதும் சாலையோரச் சரிவில் ஒரு சின்னக் குடைவு. ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் அங்கே உட்கார்ந்து இளைப்பாறுவாராம். ஒரு பூவைப் போட்டு, “காலை வணக்கம், ஆர்தர்” என்று சொல்லிவிட்டுப் போனால் மீதிப் பாதி நல்லபடியாகப் போகும். நம்மூர் எல்லைச்சாமிக்குச் சூடம் காட்டிவிட்டு வண்டியை எடுப்பது மாதிரி. நானும் போட்டேன். சாமி விஷயத்தில் அந்த ஊர், இந்த ஊர் என்று பார்ப்பதில்லை.

பைன்டவுன் நெருங்கும்போது ஒரு பாட்டி. சேலை இல்லை, ஸ்வெட்டரும் நீளப் பாவாடையும்தான், ஆனால் நெற்றியில் திருநீறு. என் அட்டையில் ‘வள்ளி’ என்று பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினார். தமிழ் பேச வரவில்லை. ஆங்கிலத்தில், தன் அப்பாயி பெயரும் அதுதான் என்றார். பக்கத்தில் இருந்த பெண் ஒரு டப்பாவைத் திறந்து எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துண்டு எடுத்து என் வாயிலேயே வைத்தாள். எழுபது கிலோமீட்டர் தித்திப்புத் தண்ணீரும் கோலாவும் குடித்து வெறுத்துப்போன நாக்கில் அந்த உப்பும் காரமும் என்ன செய்யும் என்பதை ஓடியவர்கள்தான் அறிவார்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் டர்பன் வந்து இறங்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் வழியில் வந்த ஊறுகாய் அது. மொழி போன பிறகும் ஊறுகாய் நிற்கிறது.

அந்த ரோட்டோரத்துக்கு இன்னொரு சங்கதி உண்டு. கறுப்பர்களும் இந்தியர்களும் பெண்களும் அந்த ஓட்டத்தில் முறைப்படி ஓட 1975 வரை அனுமதி இல்லை. அந்தப் பாட்டியின் தலைமுறைக்கு அது ஓடுகிற ரோடு இல்லை, வேடிக்கை பார்க்கிற ரோடு. ஆனாலும் சிலர் ஓடினார்கள். 1923-இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் பதிவு மறுக்கப்பட்டும் ஓடி முடித்தார். பதக்கம் தரவில்லை. உடன் ஓடியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் சேர்ந்து அவருக்கு வெள்ளியில் ஒரு டீ செட் வாங்கிக் கொடுத்தார்கள். கமிட்டிக்கு அரை நூற்றாண்டு கழித்து எட்டியது ரோட்டோரத்தில் நின்றவர்களுக்கு அன்றைக்கே எட்டிவிட்டது.

இதையெல்லாம் வைத்து அந்த ஊர்களைச் சொர்க்கமாக்கிவிட எனக்கு உத்தேசமில்லை. முந்தின நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், 1893-இல் காந்தியைத் தள்ளிவிட்ட ரயில் நிலையத்தைப் பார்க்க நடந்து போகிறேன் என்றதும், தனியாகப் போகாதீர்கள், காரில் போங்கள் என்று தங்கியிருந்த இடத்தில் தடுத்துவிட்டார்கள். ஓட்டம் தொடங்குகிற ஐந்தரை மணிக் குளிரில் எல்லோரும் பழைய ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். உடம்பு சூடானதும் கழற்றி ரோட்டோரம் வீசுவார்கள். அதைப் பொறுக்க இருட்டிலேயே வந்து காத்திருக்கிறார்கள் சின்னப் பிள்ளைகள். நான் வீசியது சரோஜினி நகரில் பேரம் பேசி வாங்கிய ஸ்வெட்டர். எட்டு வயதுப் பையன் ஒருவன் அதைத் தரையில் படவிடாமல் பிடித்து, அங்கேயே போட்டுக்கொண்டு, எனக்குக் கையசைத்தான். ஒருநாள் விருந்துதான் அது. மறுநாள் வேலிகளில் மின்சாரம் ஓடும்.

சிற்றூர்களுக்கு எப்போதுமே இரண்டு முகம். இந்தப் பாதைக்கு வெகுதூரம் வடக்கே, 1913 நவம்பர் 6 அன்று, 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் நேட்டால் எல்லையைத் தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடந்தார்கள். சத்தியாக்கிரகத்துக்காகக் காந்தி நடத்திச் சென்ற அந்தக் கூட்டத்தில் தமிழர்கள் பெரும்பங்கு. ஆளுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. அதற்கு முன், டிரான்ஸ்வாலிலிருந்து வந்து நிலக்கரித் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு இழுத்த தமிழ்ப் பெண்களுக்கு நியூகாசில் என்ற சின்ன ஊரில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் தன் வீட்டைத் திறந்துவிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் வோல்க்ஸ்ரஸ்ட். இந்தியர்கள் வந்தால் சுடுவோம் என்று வெள்ளையர்கள் கூட்டம் போட்டுப் பேசிய ஊர். அதே ஊரின் வெள்ளைக்கார ரொட்டிக் கடைக்காரர்தான் எடை குறையாமல், விலை ஏற்றாமல், சொன்ன நேரத்துக்கு ரொட்டி அனுப்பிவைத்தார். காந்தியே எழுதியிருக்கிறார். நடந்தோ ஓடியோ போகிறவனுக்குத்தான் இந்த இரண்டு முகமும் தெரியும். காரில் போகிறவனுக்கு ஊர்ப் பலகை தெரியும், அவ்வளவுதான்.

நான் கேட்பது இதைத்தான். வழிப்போக்கருக்குச் சோறு போட்டுப் பழகிய ஊர்களை வைத்துக்கொண்டு, நாம் ஏன் ஓட்டத்தை மெரினாவிலும் நேரு ஸ்டேடியத்திலும் கட்டிப்போட்டிருக்கிறோம்? தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று காவடியோடு சாரை சாரையாகச் சனம். சின்ன வயதில் அண்டாவில் நீர்மோர் கலக்கிக் கொடுத்த கை இது. கால் வெடித்தவர்களுக்கு அம்மா வெந்நீரும் விளக்கெண்ணெயும் எடுத்துவைப்பாள். காரைக்குடிச் செட்டியார் வீட்டு ஆச்சி, கொத்தனார் வேலை பார்க்கிற பெண், காலேஜ் பிள்ளைகள், எல்லோரும் நடப்பார்கள். மஞ்சள் சேலை கட்டிய பெண் நடுரோட்டில் நடந்தால் அப்போது யாரும் வண்டியை நிறுத்தி யாருக்கு என்ன என்று கேட்பதில்லை. “தாயி, மோர் குடிச்சிட்டுப் போ” என்கிறார்கள். டெல்லியிலும் இது இருக்கிறது. குரு அர்ஜன் நினைவுநாளில், மே-ஜூன் வெயிலில், சீக்கியர்கள் சாலையில் பந்தல் போட்டு, பஸ்ஸை மறித்துக்கூட ரோஜா நிறச் சர்பத் கொடுப்பார்கள். மோதி பாக் குருத்வாரா பக்கம் ஓடிவிட்டு வரும்போது நானும் இரண்டு டம்ளர் குடித்திருக்கிறேன். மாரத்தானில் தருகிற எந்தச் சத்துநீரும் அதற்கு உறை போடக் காணாது.

தமிழக சுகாதாரத் துறை 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. அப்போது அமைச்சராக இருந்த, மாரத்தான் ஓடுகிற மா. சுப்பிரமணியன் முன்னின்று செய்தது. நல்ல காரியம். ஆனால் 38 மாவட்டத்துக்கு 38 பாதை என்றால் சிங்கம்புணரிக்காரி பஸ் ஏறிப் போய் நடக்க வேண்டும். நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிற மருமகளை எந்த மாமியார் நம்புவாள்? பாதை போட்டால் மட்டும் போதாது, ஊர் பார்க்க வேண்டும், பார்த்துப் பழக வேண்டும். அதற்கு வருஷத்தில் ஒருநாளாவது ஓட்டம் ஊருக்குள் வர வேண்டும். குன்றக்குடியில் தொடங்கி, திருப்பத்தூர் வழியாக, எங்கள் ஊர்ச் சேவுகப்பெருமாள் கோயில் வாசலில் முடிகிற மாதிரி ஓர் ஓட்டம். முப்பது கிலோமீட்டர் சுமாருக்கு வரும். பைபாஸ் வேண்டாம், பழைய ரோடு. பரிசுப்பணமும் விளம்பர வளைவும் வேண்டாம். சட்டையில் பெயரைப் பெரிதாக எழுதினால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, பாதயாத்திரை அன்னதானத்தை முன்னின்று நடத்துகிற சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, “எத்தனை பேருக்கு இலை போடணும்?” ஐந்நூறு பேர் வரலாம் என்றேன். கணக்குப் போட்டு, அது ஒரு விஷயமே இல்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பொம்பளைங்களும் ஓடுவாங்களா?” என்றார்.

“நானே ஓடுறேன் சித்தப்பா.”

“நீ டெல்லிக்காரி, உன்ன விடு தாயி. உள்ளூர்ல யாரு ஓடுவா, அதச் சொல்லு.”

அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். காப்பி டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், “எத்தன கிலோமீட்டர் தாத்தா?” என்றாள்.