குற்றம் இன்ஜெக்டருடையதா?

மோட்டார் வண்டி சற்று நடுங்கினாலும், ஏற்றத்தில் இழுவை குறைந்தாலும், “இன்ஜெக்டரில் அழுக்கு, கழற்றிக் கழுவவேண்டும்” என்று தீர்ப்புக் கூறிவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. சாட்சியில்லை, விசாரணையில்லை, தண்டனை மட்டும் உண்டு. வழக்கறிஞன் என்ற முறையில் இதை நான் ஆட்சேபிக்கின்றேன்.

ஆட்சேபத்திற்குச் சொந்த அனுபவமும் உண்டு. என் காரின் நடுக்கத்திற்காக ஒரு கராச்சில் நான்கு இன்ஜெக்டர்களும் கழுவப்பட்டன. பணம் போயிற்று, நடுக்கம் போகவில்லை. பின்னர் விசாரித்தபோது அகப்பட்ட குற்றவாளி, ஒரு பிளக்கிற்கு மின்சாரம் கொடுக்கும் கொயில்!

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டிலேதான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. இடைக்காலத்தில் நம்மைச் சுமந்தவை பழைய வண்டிகளே. ஆகவே, வீட்டிலேயே இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யலாமா என்று கேட்பது வீண் கேள்வியன்று.

1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது, யாழ்ப்பாணத்தின் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை யாரே மறப்பர்? சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பிய நம் தந்தையர், கரி படிந்த காபறேற்றரை முற்றத்திலேயே கழுவிப் பூட்டினர். அக்கைத்திறன் போற்றத்தக்கது. ஆனால், காபறேற்றர் வேறு, இன்ஜெக்டர் வேறு. முன்னதில் எண்ணெயைக் காற்று இழுக்கின்றது. பின்னதில் அழுத்தத்தில் நிற்கும் எண்ணெய் நுண்துளைகளினூடாகப் பனிபோற் சிதறுகின்றது. சாதாரணப் பெற்றோல் காரில் அவ்வழுத்தம் ஏறக்குறைய 3 பார். பழைய உழவு இயந்திரத்தின் நொசில் திறப்பது 200 பார் அளவில். புதிய கொமன் றெயில் டீசல் வண்டிகளிலோ 1,000 பாருக்கும் மேல்!

எனவே, முதலில் மற்றச் சாட்சிகளை விசாரியுங்கள். பிளக், கொயில், காற்று பில்ற்றர், எண்ணெய் பில்ற்றர் ஆகியவற்றைப் பாருங்கள். அவை குற்றமற்றவையானால், பொலிஈதரமைன் கலந்த துப்புரவு மருந்தைப் போத்தலிற் குறித்த அளவில் பெற்றோல் தாங்கியில் ஊற்றி ஓடிப் பாருங்கள். இலேசான படிவு இதனாலேயே கரையக்கூடும்.

அதன் பின்னும் கழற்றவேண்டுமாயின், எஞ்சின் ஆறியிருக்கவேண்டும். குழாயின் அழுத்தம் இறக்கப்படவேண்டும். பற்றரி இணைப்பு நீக்கப்படவேண்டும். அண்மையில் நெருப்பு ஆகாது. நுனித் துளையைக் கம்பியாற் குத்தாதீர்கள். குத்தினால் சிதறல் கெடும். பற்றரி மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்காதீர்கள். உள்ளிருக்கும் சுருள் கருகும். பூட்டும்போது றப்பர் வளையங்களைப் புதிதாக இடுங்கள். நான்கும் சம அளவில் எண்ணெய் தருகின்றனவா என்பதைப் பரிசோதனை மேசையே கூறும். நம் கண் கூறாது.

டீசல் நொசிலிலும், சிலிண்டருக்குள் நேரே எண்ணெய் பாய்ச்சும் புதிய பெற்றோல் எஞ்சின்களிலும் வீட்டு வைத்தியம் கூடவே கூடாது. அங்கே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். வெளியே தெரிவது ஊசி குத்திய தடம் மாத்திரமே. நோவும் முதலில் பெரிதாயிராது. ஆயினும் உள்ளே தசை அழியும். உடனே சத்திரசிகிச்சை கிடையாவிடின் விரலையே இழக்க நேரலாம். அத்தகைய காயம் பட்டவர் ஒரு மணி நேரமும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைக. உழவர் பெருமக்கள் வீட்டிற் செய்யவேண்டியது, பில்ற்றர்க் கிண்ணத்தில் தேங்கும் நீரை வடிப்பதும், பில்ற்றரைக் காலந்தவறாது மாற்றுவதுமேயாம். நொசிலைப் பட்டறைக்கு அனுப்புக.

இறுதியாக ஒன்று. கழுவிய பின்னும் அழுக்கு மீண்டும் மீண்டும் சேருமாயின், குற்றவாளி இன்ஜெக்டரன்று, எண்ணெயே. மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்பையும் நொசிலையும் தேய்க்கும். எண்ணெய் நிரப்பும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பேணுங்கள். சாட்சியம் கையிலிருந்தாலன்றோ நீதி கேட்கமுடியும்? தன் கையே தனக்குதவி என்பது உண்மை. ஆனால், அக்கை எங்கே நிற்கவேண்டும் என்பதை அறிவதும் அவ்வுதவியின் பாற்பட்டதே.