ஓடுற வீடும் ஒரு பாட்டில் தண்ணியும்

ஒரே கிளாஸ்ல படிச்ச நாலு பேர், ஒரே வாடகை வீடு. இதுல என்ன விசேஷம்னு கேக்குறீங்களா? எங்க வீட்டுக்கு ஆறு சக்கரம்!

அமெரிக்காவுல இதுக்குப் பேரு ஆர்.வி. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் வண்டிக்குள்ளேயே. சால்ட் லேக் சிட்டியில வண்டிய எடுத்து, சுமார் 375 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மோவாப் ஊருக்குக் கிளம்பினோம். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிசு. பெட்ரோல் பங்க்ல நிக்கும்போதெல்லாம் நாலு பர்ஸும் சேர்ந்து அழுதுச்சு. பாத்ரூம் டேங்க் நிரம்பினா, அதுக்குன்னு இருக்கிற இடத்துல குழாய் மாட்டி நாமளே காலி பண்ணணும். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். என் பேருதான் வந்துச்சு. விடுங்க பாஸ், சாப்பிடுற நேரமா இருக்கும்!

மோவாப் பக்கத்துலதான் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. சிவப்புப் பாறையில இயற்கையே செதுக்கின வளைவுகள் 2,000-க்கும் மேல இருக்கு. தண்ணி விரிசல்ல இறங்கி, பனியா உறைஞ்சு, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு செஞ்ச வேலை. எதுவும் நிரந்தரம் இல்லை. 1991-ல லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சுல இருந்து ஒரு பெரிய துண்டு விழுந்துச்சு. 2008-ல வால் ஆர்ச் மொத்தமா இடிஞ்சே போச்சு.

பூங்காவுக்குள்ள இருக்கிற கேம்ப்ல வண்டிக்கு கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. மே மாசக் கடைசி, மதியம் ரெண்டு மணி. வண்டிக்குள்ள இட்லிப் பானை மாதிரி வெந்துட்டு இருந்தோம். "சும்மா உட்கார்ந்து வேகறதுக்கு டெலிகேட் ஆர்ச்சுக்கு நடந்துடலாம்டா"ன்னு கிளப்பி விட்டது நான்தான். போய் வர 4.8 கிலோமீட்டர். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. ஆளுக்குக் குறைஞ்சது 2 லிட்டர் தண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. நான் எடுத்தது அரை லிட்டர் பாட்டில். கேமரா பை கனமா இருந்துச்சாம்!

பாதி ஏத்தத்துலயே பாட்டில் காலி. தலை சுத்துச்சு, வாய் ஒட்டிக்கிச்சு. சொன்னா கலாய்ப்பானுங்களேன்னு வாயை மூடிட்டு நடந்தேன். எங்க கேங்ல அதிகம் பேசாதவன் ஒருத்தன் உண்டு. அவன்தான் என் மூஞ்சியப் பார்த்துட்டு, தன் பாட்டிலைக் கையில கொடுத்து, "எல்லாரும் திரும்புறோம்"னான்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானேடா!"ன்னு மத்த ரெண்டு பேரும் எகிறினாங்க. அவன் அசையலை. "இவனை நாளைக்கும் உயிரோட பார்க்கணும்"னு மட்டும் சொன்னான். கீழே இறங்குற வரைக்கும் யாரும் யார்கிட்டயும் பேசலை.

ராத்திரி நாலு பேரும் வண்டி மேல படுத்துட்டு நட்சத்திரம் பார்த்தப்போ ஆரோன் ரால்ஸ்டன் பேச்சு வந்துச்சு. 2003 ஏப்ரல்ல இதே யூட்டா மாநிலத்துல, ஒரு பள்ளத்தாக்குல தனியாப் போனவர். உருண்ட பாறையில கை மாட்டிக்கிச்சு. எங்க போறேன்னு யார்கிட்டயும் சொல்லலை, அதனால தேடி வரவும் ஆள் இல்லை. அஞ்சு நாள் கழிச்சுத் தன் கையைத் தானே வெட்டிட்டுத்தான் வெளியே வந்தார். நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைச்ச '127 ஹவர்ஸ்' (2010) படம் அவர் கதைதான். அவருக்கு ஆள் இல்லை. எனக்கு மூணு பேர் இருந்தும், தலை சுத்துதுன்னு சொல்ல ஈகோ விடலை!

மறுநாள் இருட்டோட கிளம்பினோம். ஆளுக்கு 2 லிட்டர். முதல் வெயில் பட்டு அந்த ஆர்ச் ஆரஞ்சு கலர்ல எரிஞ்சப்போ, நேத்து எகிறின ரெண்டு பேரும் அவன் தோள்ல கை போட்டு நின்னாங்க. அந்த ஃபோட்டோவை எடுத்தது நான்.

ஸோ மக்களே, எங்க டூர் போனாலும் போற இடத்தை வீட்ல சொல்லிட்டுப் போங்க. தண்ணியைக் கூடவே எடுத்துக்கோங்க. முடியலைன்னா, "முடியலைடா மச்சி"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. கலாய்ச்சா கலாய்க்கட்டுமே!