படி எடுத்தால் போதுமா?



மயிலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய மடல் எனக்கு வந்துள்ளது. அவருடைய கணவர் பல ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ நடத்திச் சென்ற ஆண்டில் இறைவனடி சேர்ந்தவர். சுற்றுவட்டாரத்து மக்களின் திருமணப் படங்களும் வீடியோக்களும் அவர் விட்டுச்சென்ற கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவற்றை இரவுதோறும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் படியெடுத்து வைக்கும் பேக்கப் மென்பொருளையும் அவரே அமைத்திருந்தார். சில மாதங்களாக அது பாதி வழியில் நின்றுவிடுகிறதாம். மகனைக் கேட்டால், "பெரும்பாலும் ஏறிவிட்டது, விடுங்கள் அம்மா" என்கிறாராம். "சாமி, அது ஏறியிருக்கிறதா, இல்லையா?" என்பதே அத்தாயின் கேள்வி.

மகனின் விடையினும் தாயின் கேள்வியே அறிவுடையது. "பெரும்பாலும்" என்னும் சொல்லுக்கு இங்கே இடமில்லை. ஏறாமற்போன அந்தச் சிறு பகுதியில் யாருடைய திருமணம் இருக்கிறதோ, யார் அறிவார்?

முதலில் பார்க்கவேண்டியது, வேலை எங்கே நிற்கிறது என்பதாகும். ஒவ்வொரு பேக்கப் மென்பொருளும் தான் செய்ததையும் செய்யத் தவறியதையும் "லாக்" என்னும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும். அதைத் திறந்து மூன்று இரவுகளின் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று இரவிலும் ஒரே கோப்பில் நின்றிருந்தால், குற்றம் பெரும்பாலும் அந்தக் கோப்பைச் சார்ந்தது. இரவுக்கு ஓரிடமாக நின்றிருந்தால், கேபிளையோ, மின்சாரத்தையோ, டிஸ்க்கையோ ஐயுற வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலைக் குறைத்துவிடும்.

ஸ்டுடியோக்காரர் வீட்டில் முதலாவது வகைக்கே வாய்ப்பு மிகுதி. கடையில் வாங்கும் பென் டிரைவ்களும் சில வெளி டிஸ்க்குகளும் ஃபேட்32 என்னும் பழைய முறையில் அமைக்கப்பட்டிருக்கும். அம்முறையில் 4 ஜிபி அளவை எட்டிய ஒற்றைக் கோப்பை வைக்க இயலாது; டிஸ்க்கில் ஏராளமான இடம் காலியாயிருந்தாலும் இயலாது. திருமண வீடியோ ஒன்று அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் தடை நீங்கும். ஆனால், தாயே, மகனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அவ்வாறு மாற்றுவதற்குச் செய்யும் "ஃபார்மட்" அந்த டிஸ்க்கிலுள்ள யாவற்றையும் அழித்துவிடும். உள்ளிருப்பவற்றை முன்னதாக வேறொரு டிஸ்க்கிற்கு மாற்றிய பின்னரே அதைத் தொட வேண்டும். பேக்கப்பைச் சீர்செய்யப் புகுந்து பேக்கப்பையே இழந்தவர்கள் உண்டு.

வேலை தொடங்கவே இல்லையெனில் காரணங்கள் வேறு. இரவு 11 மணிக்கு என்று நேரம் குறித்துவிட்டு, 9 மணிக்கே கடையையும் கம்ப்யூட்டரையும் மூடிவிட்டுச் செல்வது நம் ஊர்ப் பழக்கம். விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலர், தவறிய வேலையைப் பின்னர் கூடிய விரைவில் செய்யுமாறு ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், பழைய பாஸ்வேர்டைக் கொண்டே எழுந்திருக்க முயலும் வேலை எழுந்திருக்காது. பென் டிரைவ் ஒன்றைச் செருகிவைத்ததனால், நேற்று "இ" என்றிருந்த டிஸ்க் இன்று "எஃப்" ஆகியிருக்கலாம். மென்பொருளோ இல்லாத "இ"யைத் தேடிக்கொண்டிருக்கும். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் இன்னொன்றும் நிகழும்: கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் காசு போன்ற சிறு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் வந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். நாள் பிழையானால் நாட்குறிப்பின்படி நடக்கும் வேலையும் பிழையாகும். விலை மிகக் குறைந்த பொருள்தான். அதற்காக மென்பொருளை நான்கு முறை அழித்து மீண்டும் ஏற்றியவர்களைக் கண்டிருக்கிறேன்.

இத்தகைய தவறு எளியோர்க்கு மட்டும் உரியதன்று. 2017 ஜனவரி 31-ஆம் நாள் கிட்லாப் என்னும் உலகறிந்த மென்பொருள் நிறுவனத்தில், பணியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுகளை அழித்துவிட்டார். மீட்பதற்கு அவர்கள் வைத்திருந்த வழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. நாள்தோறும் எடுக்கப்பட்டதாக நம்பிய பேக்கப், மென்பொருள் பதிப்புகள் ஒவ்வாமையால் நெடுநாளாக நடைபெறவே இல்லை. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களுக்குச் சென்று சேரவில்லை. தற்செயலாக ஒருவர் ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்துவைத்திருந்த படியே அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துத் தரவுகள் போயின. நடந்ததை மறைக்காமல் அவர்கள் உலகறிய எழுதினார்கள் என்பதைப் பாராட்டவே வேண்டும்.

நம் முன்னோர் இதில் நம்மினும் விழிப்பாயிருந்தனர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஓலைச்சுவடியைக் கரையான் தின்னும் என்று அறிந்து படியெடுத்தனர். எடுத்ததோடு விடாமல் மூலத்தோடு ஒப்பு நோக்கினர். நம் பங்குப் பதிவேடுகளுக்கும், ஆண்டு முடிவில் மெய்யான படியொன்றை ஆயர் அலுவலகத்திற்கு அனுப்ப வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதித்திருந்தது. ஏடும் படியும் ஒரே கூரையின்கீழ் இருத்தலாகாது என்பது அதன் பயன்.

அக்கூரை எவ்வளவு உறுதியற்றது என்பதை நமக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி அது. கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையின்கீழ் இருந்த கடைகளில் வெள்ளம் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கவா செய்யும்? ஆகவே இரண்டாவது டிஸ்க் ஒன்று வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். அதை எப்போதும் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்தலும் ஆகாது; கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ், இணைந்துள்ள டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதே என்பாருக்கும் ஒரு சொல்: இங்கே அழித்தது அங்கேயும் அழியும்படி இணைத்திருந்தால், குப்பைத்தொட்டியில் 30 நாள் இருந்துவிட்டு அதுவும் மறைந்துபோகும்.

டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்னும் ஒலி கேட்டால் மட்டும், தாயே, எந்த முயற்சியும் வேண்டா. உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பதில் தேர்ந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் இழப்பு பெருகக்கூடும்.

இனி, ஏறியிருக்கிறதா என்னும் உங்கள் கேள்விக்கு வருகிறேன். மென்பொருள் காட்டும் பச்சை நிறத்தை நம்பாமல், அந்த வெளி டிஸ்க்கை வேறொருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்து மூன்றைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்: மிகப் பழைய படம் ஒன்று, சென்ற வாரத்துப் படம் ஒன்று, அளவில் மிகப் பெரிய வீடியோ ஒன்று. வீடியோவைத் தொடக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டா. பாதியில் அறுந்த கோப்பும் தொடக்கத்தில் நன்றாகவே ஓடக்கூடும்; விருந்துப் பந்தி முடியும் வரையில் ஓட்டிப் பார்க்கட்டும்.