கிரிவலம் போனா மட்டும் எலும்பு பலமாகுமா?

அடி அண்ணாமலை வழியா 14 கிலோமீட்டர் சுத்தி வர்ற அம்மாக்களே, அக்காக்களே, நடக்குறது ரொம்ப நல்லது. ஆனா மாசத்துல ஒரு பௌர்ணமி, அதுவும் ராத்திரி... எலும்புக்கு அது பத்தாது. தினமும் நடங்க, பகல் வெளிச்சத்துல நடங்க.

மாதவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் குறையும். முதல் சில வருஷத்துலதான் எலும்பு வேகமா தேயும். வலியே இருக்காது (மூட்டுவலி வேற கதை). வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்ச பிறகுதான் பலருக்குத் தெரியுது.

45 வயசுக்கு முன்னாடியே கர்ப்பப்பையோட சினைப்பையையும் எடுத்தவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆபரேஷன்னு சொன்னா, "சினைப்பையையும் எடுத்தே ஆகணுமா?"ன்னு கேளுங்க. எடுத்தாச்சுன்னா, டெக்ஸா ஸ்கேன் பத்தி நீங்களே டாக்டர்கிட்ட பேச்சை எடுங்க.

ஐசிஎம்ஆர் கணக்குப்படி இந்த வயசுக்கு தினம் 1200 மி.கி. கால்சியம் வேணும். 100 கிராம் கேழ்வரகுலயே சுமார் 360 இருக்கு. விரதம்னு காபியிலேயே நாளை ஓட்டுறதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். கூழ் குடிச்சா சாமி கோவிச்சுக்காது.