‘பிறகு போடலாம்’ எண்ட கதையை விடுவம்

தடுப்பூசியே வேண்டாம் எண்டு நேரே சொல்லுற ஆக்களை எங்கட ஊர்களில நாங்கள் பெரிசாய்க் காணேல்லை. ‘பிறகு போடலாம்’ எண்டு சொல்லுறவையைத்தான் காணுறம். பிள்ளைக்குத் தடிமன், கோயில் திருவிழா, வெளிநாட்டு மாமி அனுப்பின வட்ஸ்அப் வீடியோ எண்டு காரணங்கள் மாறும், முடிவு மாறாது. சாதாரணத் தடிமன் ஊசியைத் தள்ளிப்போட ஒரு காரணமே இல்லை.

ஏற்புவலி விசயத்தில இந்தப் ‘பிறகு’ இன்னும் ஆபத்தானது. சின்னமுத்து ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது. ஊரில பெரும்பாலான பிள்ளைகள் ஊசி போட்டிருந்தால், போடாத பிள்ளையும் ஓரளவு தப்பும். ஏற்புவலி அப்படியில்லை. அதன் கிருமி மண்ணிலும் மாட்டெருவிலும் விதைபோலக் கிடக்கிறது. செம்மண்ணில எருப்போட்டுத் தோட்டம் செய்யிற சனம் நாங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போட்ட ஊசி, எங்கட பிள்ளையின்ர காலில ஏறின ஆணிக்கு உதவாது. ஒருக்கா அந்த வருத்தம் வந்து தப்பினாலும் எதிர்ப்புச் சக்தி வராது. அதுக்கும் ஊசிதான் போடவேணும்.

‘தாய்க்குப் போட்டாச்சுத்தானே’ எண்டு கேட்பினம். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்பூசி போடுவது இலங்கையில் 1969இல் தொடங்கியது. தாயின் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே பிள்ளைக்குப் போய், பிறந்தவுடன் தொப்புள் புண்ணுக்குக் காவலாய் நிற்கிறது. ஆனால் அது இரவல். சில மாதங்களில் கரைந்துவிடும். அதனால்தான் 2, 4, 6 மாதங்களில் மூன்று ஊசி, பிறகு 18 மாதத்தில் இன்னொன்று, 5 வயதில் மற்றொன்று எண்டு வைத்திருக்கினம். ஒரு ஊசியோட பாதுகாப்பு முழுமையாகாது.

‘அந்த வருத்தம் இப்ப எங்கை இருக்கு?’ எண்ட கேள்வியும் வரும். தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் தாய்மாருக்கும் பச்சிளம் பிள்ளைகளுக்கும் வரும் ஏற்புவலி ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல். ஒவ்வொரு மாவட்டத்திலும் 1000 பிறப்புக்கு ஒரு பச்சிளம் பிள்ளைக்கும் குறைவாக அந்த வருத்தம் வருகிறது எண்டதுதான் அதின்ர அர்த்தம். மண்ணில கிருமி அப்படியே கிடக்கு. ஊசியை விட்டால் வருத்தம் திரும்பி வரும்.

இவ்வளவும் சொல்லிப்போட்டுத் தாய்மாரை மட்டும் பேசினால் அது அநியாயம். கிளினிக் நாள் எண்டால் கூலிக்குப் போற தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போகும். ஊசியால காய்ச்சல் வந்தால் அடுத்த நாளும் போகும். தேப்பன்மார் எங்கை? 1990களில் பிள்ளைகளுக்குப் போலியோச் சொட்டுக் கொடுக்கச் சண்டையையே நிறுத்தி வைத்த நாடு இது. சம்பளம் வெட்டாமல் அரைநாள் லீவு விடுகிறது எங்கட முதலாளிமாருக்கு அவ்வளவு கஷ்டமோ?

தவணை பிந்தின பிள்ளைக்கு முதலில இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெட்கப்படாமல் அடுத்த கிளினிக்குக் கொண்டுபோங்கோ. இந்தமுறை கார்டைத் தேப்பன் தூக்கட்டும்.