கெய்ரோவுக்குப் போவது கேட்பதற்கா, வாங்குவதற்கா?



படிப்பு முடிந்து முதல் சம்பளம் கைக்கு வந்ததும் எங்கே போவது என்று எங்கள் வகுப்பில் ஒரு பட்டியலே ஓடிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர், பாங்காக், பாலி, மாலத்தீவு... என் பட்டியலில் ஒரே ஊர்தான். கெய்ரோ. பிரமிடு இருந்தால் பார்க்கலாம், ஆனால் போவது அரபு இசை கேட்க. இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு 'ஷேக்கு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

கிண்டலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அவர்கள் கேட்கும் கேள்விகள் நியாயமானவைதான். ஒன்று: "எல்லாமே யூட்யூப்ல இருக்கு, எதுக்குடா டிக்கெட்?" இரண்டு: "போறதே போற, நாலு சிடி, ஒரு ஊத் வாங்கிட்டு ரெண்டே நாள்ல திரும்பிடலாமே?" (ஊத் என்பது வீணைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு நரம்புக் கருவி.) மூன்றாவது, என் அப்பா கேட்டது: "ஏங்கண்ணு, காவேரிக்கரையில கேக்காத பாட்டா அந்த நைல் நதிக்கரையில இருக்குது?"

மூன்றுக்கும் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இசையைக் காசு கொடுத்து வாங்கி வந்துவிட முடியாது. போய் உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு. எனவே பயணத்துக்கு ஒதுக்கும் நேரத்திலும் காசிலும் முக்கால் பங்கு கேட்பதற்கு, கால் பங்குதான் வாங்குவதற்கு. ஏன் என்று சொல்கிறேன்.

அரபு இசை என்றாலே முதலில் வரும் பெயர் உம்மு குல்தூம். கொடுமுடிக்காரர்களுக்கு அவரைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம். "எகிப்தோட கே.பி.சுந்தராம்பாள்" என்றால் போதும். நம்ம கே.பி.எஸ். 1908இல் இந்தக் கொடுமுடியில் பிறந்தவர். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி, நாடக மேடைக்குப் போய் ஆண் வேடம் கட்டிப் பாடினார். உம்மு குல்தூம் நைல் டெல்டாவில் ஒரு கிராமத்துக்காரர். அப்பா பள்ளிவாசல் இமாம், கல்யாண வீடுகளில் சமயப் பாடல்கள் பாடுபவர். பெண் பிள்ளை ஊர் ஊராகப் போய்ப் பாடினால் ஊர் பேசுமே என்று மகளுக்கு ஆண் பிள்ளை உடுப்பு போட்டு அழைத்துப்போனார். இருவருக்குமே மைக் தேவைப்படாத குரல். 1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் நம்மவர். அவரோ முதல் வியாழக்கிழமைதோறும் வானொலியில் பாடினால் கெய்ரோ தெருக்கள் காலியாகிவிடும் என்பார்கள். 1975 பிப்ரவரியில் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கில் ஜனம்.

இந்த ஒப்பீடு வெறும் ஊர்ப்பெருமைக்காக இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் நாடகக் காலத்தைப் பற்றிக் கேட்டால் தவறாமல் வரும் ஒரு சொல் 'ஒன்ஸ்மோர்'. கிட்டப்பாவோ சுந்தராம்பாளோ ஒரு அடியைப் பாடினால் கொட்டகை எழுந்து 'ஒன்ஸ்மோர்' கேட்கும். அவர்கள் அதே அடியை வேறு விதமாகப் பாடுவார்கள். கதை அங்கேயே நின்றுவிடும், யாருக்கும் அதில் வருத்தமில்லை.

அரபு இசையில் இது ஒரு பழக்கம் என்பதைத் தாண்டி ஒரு கொள்கையாகவே இருக்கிறது. கேட்பவர் தன்னை மறக்கும் நிலைக்கு 'தரப்' என்று பெயர். விஷயம் தெரிந்த ரசிகர்களுக்கு 'சம்மீஆ' என்று தனிப் பெயரே உண்டு. அவர்கள் சரியான இடத்தில் 'அல்லாஹ்!' என்று குரல் கொடுத்தால் பாடகர் அந்த வரியைத் திரும்ப எடுப்பார், இன்னும் கொஞ்சம் விரிப்பார். உம்மு குல்தூம் ஒரே வரியைப் பலமுறை திருப்பிப் பாடுவதைப் பதிவுகளில் கேட்கலாம். 1964இல் அவர் முதன்முதலில் பாடிய 'இன்த்த உம்ரி' ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். ஒரே பாட்டு ஒரு நாள் நாற்பது நிமிடம், இன்னொரு நாள் ஒன்றரை மணி நேரம். அந்த வித்தியாசத்தைச் செய்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள்.

அப்படியானால் நாம் வாங்கும் சிடியில் இருப்பது என்ன? ஏதோ ஒரு ராத்திரி, யாரோ கேட்டு வாங்கிய பாட்டு. அது மட்டமில்லை. ஆனால் அதில் நமக்கு இடமில்லை.

இசைத்தட்டு வந்த காலத்திலேயே இந்தப் பிரச்சினை இருந்திருக்கிறது. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். கிட்டப்பா 1933இல் இறந்துவிட்டார். இன்றைக்கு நமக்குக் கிடைப்பது அந்த மூன்று மூன்று நிமிடத் துண்டுகள்தான், ஒன்ஸ்மோர் கேட்ட கொட்டகை அதில் இல்லை. அதே காலத்தில், 1932இல், கெய்ரோவில் அரபு இசைக்கென்று ஒரு பெரிய மாநாடு கூட்டினார்கள். ஈராக், சிரியா, துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோவிலிருந்து கலைஞர்கள் வந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பார்டோக், ஹிண்டமித் போன்ற பெரிய இசையமைப்பாளர்களும் வந்தார்கள். கிராமபோன் கம்பெனி நூற்றுக்கும் மேற்பட்ட தட்டுகளில் பதிவு செய்தது. பிரான்சின் தேசிய நூலகம் 2015இல் அவற்றை 18 சிடிக்களாக வெளியிட்டது. பொக்கிஷம்தான். ஆனால் அதை வாங்க கெய்ரோ போகவேண்டியதில்லை, கொடுமுடியில் உட்கார்ந்தே வரவழைக்கலாம். இதுதான் என் கணக்கு: இங்கிருந்தே கிடைப்பதற்கு விமான டிக்கெட் போடாதே.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். "அரபுப் பாட்டுக்கு எதுக்கு அவ்வளவு தூரம், வளைகுடாவுலதான் பாதி ஊரு இருக்குதே" என்கிறார்கள். உண்மைதான். என் பெரியப்பா பஹ்ரைனில் இருபது வருஷம் இருந்தவர். முதல் லீவில் அவர் கொண்டுவந்த டூ-இன்-ஒன் இன்றும் பரணில் இருக்கிறது. அதில் ஓடியதெல்லாம் டி.எம்.எஸ்.ஸும் சீர்காழியும்தான். ஒரு அரபுப் பாட்டுகூட அவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லவே மாட்டேன். கேம்ப், ஷிப்ட், வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் துணி துவைத்து, வீட்டுக்குப் போன் பேசி, தூங்குவதற்கே நேரம் போதாது.

ஆனால் அவர் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், முஹர்ரக் என்ற பழைய ஊரில், முத்துக்குளிப்பவர்களின் பாட்டு இருந்தது. 'ஃபிஜிரி' என்று பெயர். கப்பலில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் அடிக்குரலில் வாங்கிப் பாடுவார்கள். கைத்தட்டு, சின்ன மேளம், கூடவே மண்பானை. ஆமாம், நம்ம கடம் மாதிரியே பானையைத் தட்டுகிறார்கள்! 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து முத்துக்குளிப்பு படுத்துவிட்டது. ஆனாலும் பாட்டை 'தார்' எனப்படும் கூடங்களில் விடாமல் வைத்திருக்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அந்த முத்தெல்லாம் ஒரு காலத்தில் பம்பாய்ச் சந்தைக்குத்தான் வந்தது. 1960கள் வரை வளைகுடாவில் இந்திய ரூபாய்தான் ஓடியது. குவைத்தின் 'சவுத்' என்ற பாட்டு வகைக்கு மூலவராகச் சொல்லப்படும் அப்துல்லா அல்-ஃபரஜ் பம்பாயில் வாழ்ந்து இசை கற்றவர். இவ்வளவு சொந்தம் இருந்தும் இருபது வருஷம் பக்கத்தில் இருந்து கேட்காமலே திரும்பி வருகிறோம் என்றால், பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. கேட்பதற்கென்றே நேரம் ஒதுக்கிப் போகவேண்டும். வேலைக்குப் போகும்முன் நான் இந்தப் பயணத்தைப் போட நினைப்பது அதனால்தான். வேலையில் சேர்ந்தபிறகு லீவு யார் கையில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, திட்டம்.

எப்போது: அக்டோபர், நவம்பர் வாக்கில். கெய்ரோ ஆபரா ஹவுஸ் 1992இலிருந்து நடத்தும் அரபு இசை விழா பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வரும். தன்தா என்ற ஊரில் செய்யிது அகமது அல்-பதவியின் மவ்லிதும் வழக்கமாக அக்டோபரில்தான். நாகூர் கந்தூரியைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். ஷேக் யாசின் அல்-துஹாமி போன்றவர்கள் சூஃபிப் பாடல்களை விடியவிடியப் பாடுவது இப்படிப்பட்ட மவ்லிதுகளில்தான். விழாவில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ராத்திரி, மவ்லிதில் தரையில் உட்கார்ந்து ஒரு ராத்திரி. இரண்டும் வேண்டும்.

எங்கே: ரம்சேஸ் தெருவில் இருக்கும் அரபு இசைக் கழகம். 1932 மாநாட்டோடு சேர்ந்த கட்டடம் அது. ரோடா தீவில் 2001இல் திறந்த உம்மு குல்தூம் அருங்காட்சியகம். 'மகான்' என்ற சின்னக் கூடத்தில் மஸாஹிர் குழுவின் 'ஸார்' பாட்டு. பிடித்த ஆவியைச் சமாதானப்படுத்தும் சடங்குப் பாட்டு அது, பெண்கள் முன்னின்று பாடுவது. உடுக்கை அடித்துப் பேயோட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்கவேண்டியதில்லை. முடிந்தால் போர்ட் சயீதுக்கு ஒரு நாள். 1989இல் தொடங்கிய எல் தன்பூரா குழு அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வாசிக்கும் சிம்சிமிய்யா என்ற சின்ன யாழ் 2024இல் யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது.

எப்படி: கோவையிலிருந்து ஷார்ஜா, அங்கே விமானம் மாறி கெய்ரோ. விசா முன்கூட்டியே எடுக்கவேண்டும். பாடும் இடத்தில் கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்கக்கூடாது. பாடுகிறவருக்குக் காசு வைக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. கோயில் நோம்பியில் ஆடுகிறவர் சட்டையில் நோட்டுக் குத்துகிறோமே, அதே மாதிரி. அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன்.

என்ன வாங்குவது: ஒரு 'ரிக்'. நம்ம கஞ்சிராவின் பங்காளி, பையில் அடங்கும். முகமது அலி தெருவில் ஊத் கடைகள் பிரசித்தம், போய்த் தொட்டுப் பார்ப்பேன், வாங்கமாட்டேன். வாசிக்கத் தெரியாதவன் வீட்டில் அது ஷோகேஸ் பொம்மைதான்.

போகும்முன் காதைத் தயார் செய்யவேண்டும். சில மகாம்கள் நமக்குப் பழக்கமானவை. ஹிஜாஸ்கார் என்பது சரளி வரிசை கற்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களேதான். ஆனால் ராஸ்த் மகாமில் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே நிற்கும். நம்ம ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையே கிடையாது! முதல் முறை கேட்கும்போது சுருதி விலகியதாகத்தான் தோன்றும். பத்து நாள் கேட்டால் அது இல்லாத பாட்டு உப்பில்லாததாகத் தெரிய ஆரம்பிக்கும். என் அனுபவம் இது.

கடைசியாக, அப்பாவின் கேள்வி. காவேரிக்கரையில் கேட்காத பாட்டா? இருக்கிற கேள்விகளில் கனமானது இதுதான். ஏனென்றால் காவேரிக்கரைப் பாட்டையே நான் முழுசாகக் கேட்டதில்லை. உடுக்கையடிப் பாட்டாக அண்ணன்மார் கதையை விடியவிடியக் கேட்டவர் எங்கள் அப்பாரு (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்). அப்பா பாதி ராத்திரி கேட்டவர். என் வயதுக்காரர்களுக்குக் கிடைத்தது கோயில் விழாவில் அரை மணி நேரம், மிச்சம் ஆர்கெஸ்ட்ரா.

அந்தக் கதை முழுசாக ஒலிப்பதிவில் இருப்பதற்குக் காரணம் கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக். 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, பல இரவுகள் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்தவர். அவர் கடையில் கேட்டு வாங்கிப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஒன்றுமே கிடைத்திருக்காது. அப்போது அது எந்தக் கடையிலும் இல்லை. உட்கார்ந்து கேட்டதால்தான் பாடியவர் முழுசாகப் பாடினார். அடுத்தவர் ஊர்ப் பாட்டைக் கேட்கக் கடல் தாண்டி வருவது வெட்டி வேலை இல்லை என்பதற்கு நம் ஊரே சாட்சி.

ஆகவே அப்பாவுக்கு ஒரு வாக்கு கொடுத்திருக்கிறேன். டிக்கெட் போடும்முன், நம் பக்கம் ஒரு முழு ராத்திரி உடுக்கைப் பாட்டு எங்கே நடந்தாலும் போய், நடுவில் எழுந்து வராமல், விடியும்வரை உட்கார்வது. இங்கே தூங்கி வழிகிறவன் தன்தாவில் போய் என்ன விழித்திருக்கப் போகிறான்?

கொங்குப் பக்கம் எந்தக் கோயிலில் இன்னமும் கதையை முழுசாகப் பாடுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாராவது கூட வருவதாக இருந்தாலும் சரி. கம்பளி மட்டும் அவரவர் கொண்டுவரவேண்டும், மார்கழி தையில் பனி ஜாஸ்தி.